ஒரு கியர்பொக்ஸுக்கு எத்தனை பேர்?

போன செமஸ்டர் விடுமுறையில், 2025 நடுப்பகுதியில, நாங்கள் மூன்று பேர் பட்டிப்பொலவுக்குப் போனோம். ஹோர்ட்டன் சமவெளியைப் பார்ப்பதுதான் பிளான். எங்களோடு கலைப்பீடத்தில் படிக்கும் தோழியின் வீடு அங்கேதான், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். அவளுடைய அப்பா வான் ஓட்டுகிறவர். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் ‘வான் மாமா’. எங்களுக்கும் அப்படியே ஆகிவிட்டார். விடியுமுன் கிளம்பிப் போகலாம், டீசல் காசு மட்டும் போடுங்க என்று சொல்லியிருந்தார்.

கோச்சியை விட்டு இறங்கினால் குளிர் முகத்தில் அறைகிறது. ‘இலங்கையின் உயரமான ரயில் நிலையம், 1,891 மீற்றர்’ என்று எழுதிய பலகைக்கு முன்னால் எல்லாரும் எடுக்கிற போட்டோவை நாங்களும் எடுத்தோம். வான் மட்டும் வரவில்லை. தோழி நடந்து வந்தாள். “வான் நுவரெலியாவுல கராஜ்ல நிக்குது. கியர்பொக்ஸ் போச்சு” என்றாள்.

சமவெளிக்கு நாங்கள் போகவில்லை. நான்கு நாள் அந்த வீட்டில் இருந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்து, வான் மாமாவோடு இரண்டு தடவை கராஜுக்குப் போய் வந்தோம். இந்தக் கட்டுரை அங்கே தொடங்கியதுதான். ஒரு பழைய வானின் கியர்பொக்ஸில் என்ன வரலாறு இருக்கப்போகிறது என்று கேட்பீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம்.

வண்டியும் கொப்பியும்

வண்டி ஒரு டொயோட்டா டவுன்ஏஸ், டீசல், எங்கள் எல்லாரையும் விட வயதில் மூத்தது. 2009இல், மாமாவின் அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்தோடு, கொஞ்சம் லீசிங்கும் போட்டு வாங்கியது. கிழமை நாட்களில் கீழே இருக்கிற தோட்டங்களிலிருந்து 14 பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுகிறார். சனி ஞாயிறு ஹோர்ட்டன் சமவெளிக்கு ஆட்கள். நடுவில் கெரட், லீக்ஸ் மூட்டைகள். இரவில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் அதுவும் இந்த வான்தான்.

மாமாவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. பிள்ளைகள் எழுதுகிற 80 பக்கக் கொப்பி. வண்டி வாங்கிய நாளிலிருந்து போட்ட சாமான், கொடுத்த கூலி எல்லாம் அதில் திகதியோடு இருக்கிறது. வரலாறு படிக்கிற எங்களுக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. ஆவணம் என்றால் சுவடிக்கூடத்தில் இருப்பது என்றுதானே சொல்லித் தந்தார்கள்!

கராஜில் பாஸ் கணக்கைச் சொன்னார். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கியர்பொக்ஸ் 135,000 ரூபாய். அதைக் கழற்றும்போது கிளட்சையும் மாற்றாவிட்டால் பிறகு திரும்ப இறக்க வேண்டும், அது 32,000. ஒயில் 7,500. கூலி 22,000. வண்டியை லொறியில் கட்டி இழுத்து வந்தது 14,000. கூட்டினால் 210,500 ரூபாய்.

“இல்லாட்டி உடைச்சு, ரிங்கும் பெயாரிங்கும் மாத்தித் தர்றேன். 68,000ல முடிக்கலாம். ஆனா பல்லும் தேஞ்சிருக்கு தம்பி. எத்தனை நாளைக்குன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க” என்றார் பாஸ்.

மாமா ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் வைத்துத்தான் சொன்னார்: “அம்மா காலத்துக் கணக்குல பார்த்தா, இது எத்தனை பேர்?”

தோட்டத்துக்கு வெளியே வளர்ந்த வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை. பெரட்டில் பேர் பதிந்து, சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். மலையகத்தில் ஒரு சாமானின் விலையை உண்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் ரூபாயை விடப் பேர்தான் சரியான அளவு. ரூபாய் ஏறும் இறங்கும். ஒரு நாள் வெயிலிலும் மழையிலும் மலையில் நிற்பது மாறாது.

2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அப்படியானால் 210,500 ரூபாய் என்பது 156 பேர். மாதம் 25 நாள் தவறாமல் வேலை கிடைத்து, ஒரு சதமும் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல் இருந்தால் ஆறு மாதத்துக்கும் மேல்.

கொப்பியைப் பின்னால் புரட்டினோம். 2013இல் ஒரு தடவை கியர்பொக்ஸை உடைத்துப் பழுது பார்த்திருக்கிறார். 18,500 ரூபாய். அந்த வருஷக் கூட்டு ஒப்பந்தப்படி, வருகைக் கொடுப்பனவு எல்லாம் சேர்ந்து, நாட்சம்பளம் 620. ஆக 30 பேர். அதே மாதிரிப் பழுதுக்கு இன்றைக்கு பாஸ் கேட்பது 68,000. அது 50 பேர். சம்பளம் இரட்டிப்பாகியிருக்கிறது, பழுது 20 பேர் கூடியிருக்கிறது. ஒரு வண்டியின் கொப்பியை வைத்து நாட்டுக்கே முடிவு சொல்ல முடியாது, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் ஏன் இப்படி ஆனது என்று கேட்கலாம்.

மலை எப்படி கியரைத் தின்கிறது

முதலில் பொருளைப் பற்றி. இஞ்சின் ஒரு அளவான வேகத்தில் சுற்றினால்தான் அதற்குப் பலம். சில்லுக்கோ ஏற்றத்தில் பலமும் சமதரையில் வேகமும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று சமாளிப்பதுதான் கியர்பொக்ஸ். 1890களில் பிரான்சில் பனார் லெவசோர் கார்களில் வந்த நகரும் பற்சக்கர முறைதான் இன்றைய மெனுவல் கியரின் மூத்த பாட்டன். அந்தக் காலத்தில் கியர் மாற்றினால் பல்லோடு பல் மோதிக் கத்தும். 1928இல் அமெரிக்காவின் கடிலாக் கம்பெனி, பல் சேருமுன் இரண்டு பக்க வேகத்தையும் சமப்படுத்துகிற முறையைக் கொண்டுவந்தது. நம்ம பாஸ் ‘ரிங்’ என்று சொன்னது அதைத்தான். பித்தளை வளையம். உரசி உரசித் தானே தேய்ந்து பல்லைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை.

கொழும்பில் ஓடுகிற வானில் அந்த வளையம் பல வருஷம் தாங்கும். பட்டிப்பொலவில் தாங்காது. அம்பேவெலயிலிருந்து ஏறும்போதும் இரண்டாம் கியர், இறங்கும்போதும் இரண்டாம் கியர். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் சூடாகிப் பிடிக்காமல் போகும், அதனால் இஞ்சினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பாரம் முழுக்க கியர்ப் பல்லில் விழுகிறது. தை, மாசியில் உறைபனி விழும் காலையில் ஒயில் தடித்துப்போய் கியர் விழவே மறுக்கும். இவ்வளவும் போதாதென்று, எட்டுப் பேர் இருக்க வேண்டிய வண்டியில் 14 பிள்ளைகளும் 14 புத்தகப் பைகளும்.

மாமாவின் வண்டியில் கடைசி இரண்டு மாதமாக இரண்டாம் கியர் இறக்கத்தில் தானாக நழுவியிருக்கிறது. இடது கையால் கியர் தடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே பிள்ளைகளை ஏற்றி ஓடியிருக்கிறார். “பயமா இல்லையா மாமா?” என்று கேட்டோம். “பயந்தா யாரு ஏத்துறது?” என்றார். தோழி எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லயில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் பக்கத்து வீதிகளில் வண்டியின் ஒரு சின்னப் பழுதுகூட சின்ன விஷயமாக முடியாது.

பாதைக்கு யார் காசு கொடுத்தார்கள்?

மலையகத்தின் போக்குவரத்து வரலாற்றை நாம் ரயிலில் தொடங்கித்தான் படிக்கிறோம். 1867இல் கண்டிக்கு, 1884இல் ஹட்டனுக்கு, 1885இல் நானுஓயாவுக்கு, 1893இல் பட்டிப்பொல தாண்டி அப்புத்தளைக்கு. 44 அடிக்கு ஓர் அடி ஏறுகிற பாதை, சுரங்கங்கள், கல் பாலங்கள். பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் நடுவில்தான் 6,226 அடி உச்சி. பெரிய சாதனைதான். ஆனால் அது கோப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை. ஆட்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள், நடந்து.

1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பயணத்துக்கு ஆன செலவு எங்கே போனது? கங்காணி கொடுத்த முற்பணமாகத் தொழிலாளியின் கணக்கில் எழுதப்பட்டது. தோட்டத்துக்கு வந்து சேருமுன்னே கடன். அந்தக் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். அதாவது, நம் ஆட்கள் இந்த மலைக்கு ஏறிய முதல் பயணத்தின் செலவையே அவர்கள் தலையில்தான் கட்டினார்கள்.

வீதிகளின் கதையும் அப்படித்தான். 1848இல் பிரித்தானியர் கொண்டுவந்த வீதிச் சட்டப்படி ஆண்கள் வருஷத்துக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பதில் காசு கட்ட வேண்டும். அந்த வருஷம் மாத்தளையிலும் குருநாகலையிலும் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். அரசாங்கமே பாதையின் விலையை நாட்களில் கணக்குப் போட்ட காலம் அது. வான் மாமா பஸ்ஸில் வைத்துப் போட்ட கணக்குக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

பிறகு லொறி வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு 1903–04இல் போட்ட சின்ன ரயில் பாதை, லொறியோடும் பஸ்ஸோடும் போட்டி போட முடியாமல் 1940களில் மூடப்பட்டது. தோட்டத்து லொறியில் கொழுந்து போனது, உரம் வந்தது, நோயாளியும் போனார். கொழுந்து லொறியில் பிறந்த பிள்ளை என்று சொல்லிச் சிரிக்கிற ஆட்கள் எங்கள் ஒவ்வொருவர் ஊரிலும் உண்டு. சிரிக்கிறார்களே தவிர, அது சிரிப்புக்குரிய கதை இல்லை.

1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ்களை அரசு எடுத்துக்கொண்டு இலங்கை போக்குவரத்துச் சபை உருவானது. பிரதான வீதிக்கு பஸ் வந்தது. ஆனால் தோட்டத்து உள் பாதை தோட்டத்துக்குச் சொந்தம். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வருவது அவரவர் பாடு. 1970களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் திரும்பக் கம்பெனிகளிடம் வந்தன. யார் கைக்கு மாறினாலும் அந்தக் கடைசி மூன்று, நான்கு கிலோமீற்றர் கணக்கில் வராமலே கிடந்தது.

அந்த இடைவெளியில்தான் வான் நுழைந்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பானில் பாவித்த வண்டிகள் வரத் தொடங்கின. அங்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கடுமையான, செலவான பரிசோதனை. அதனால் நல்ல வண்டியைக்கூடச் சீக்கிரம் கைமாற்றி விடுவார்கள். அங்கேயும் இங்கேயும் ஸ்டியரிங் வலது பக்கம். நமக்கு வசதி. ஹயஸ், டெலிக்கா, கரவன், டவுன்ஏஸ். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்த அக்காமாரின் காசிலும், பாட்டிமாரின் சேமலாப நிதியிலும், சீட்டுக் காசிலும் ஒவ்வொன்றாக மலைக்கு ஏறின. யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. நம் ஆட்கள் தங்கள் பேரிலேயே ஒரு போக்குவரத்துச் சேவையைக் கட்டிவிட்டார்கள்.

இங்கே பழசு மலிவாவதில்லை

மினிவான் என்ற சொல்லைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி. 1983 கடைசியில் அவர்களுடைய முதல் மினிவான் வந்தது. அந்த நாட்டில் பழைய மினிவானின் கியர்பொக்ஸ் போனால் கணக்கு லேசு. மாற்றுகிற செலவு வண்டியின் விலையை விடக் கூட என்றால் வண்டியைக் கழித்துப் போட்டுவிடுவார்கள்.

இங்கே அந்தக் கணக்கு தலைகீழ். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். ஐந்து வருஷம் கிட்டத்தட்ட மூடியே கிடந்து, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதுவும் சாதாரண ஆள் நெருங்க முடியாத வரியோடு. நடுவில் 2022. மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டதும் 200 ரூபாய் டொலர் மே மாதத்தில் 360 ஆனது. வருஷத் தொடக்கத்தில் 121 ரூபாயாக இருந்த டீசல் ஜூன் கடைசியில் 460. கியூஆர் கோட் வந்தபோது வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். புது வண்டி இல்லாததால் பழைய வண்டிகளுக்கே எல்லாரும் ஓடினார்கள். ஜப்பானில் கழித்த வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டெய்னரில் வருகிற கியர்பொக்ஸுக்கும் டொலரில்தானே விலை? கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு விலை, அது மலைக்கு ஏறி வரும்போது இன்னொரு விலை.

அதனால் மாமாவின் 35 வருஷத்து வான், வாங்கிய விலையை விட இன்றைக்குப் பல மடங்கு போகும். “அப்ப வித்துடலாமே மாமா?” என்று எங்களில் ஒருவர் கேட்டார். படித்தவர்கள் கேட்கிற கேள்வி. வண்டி விலை ஏறினது உண்மைதான், விற்றால் அதே காசுக்கு அதே மாதிரி இன்னொரு பழைய வண்டிதான் கிடைக்கும், அதன் கியர்பொக்ஸ் எப்படியோ யாருக்குத் தெரியும் என்றார் மாமா. விற்றுவிட்டுச் சும்மா இருந்தால் மாதம் வருகிற வருமானம் போச்சு. அந்த வருமானத்தில்தான் எங்கள் தோழி கெம்பஸில் படிக்கிறாள்.

வான் நின்ற 19 நாளில் 14 பிள்ளைகளில் 6 பேர் பள்ளிக்கூடம் போகவே இல்லை. மற்றவர்கள் விட்டு விட்டுப் போனார்கள். இருவர் அந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்தவர்கள். நடந்து போகலாமே என்று கேட்பவர்கள், காலை ஆறு மணிக்குப் பனியில் அந்தப் பாதையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

கொப்பியின் கடைசிப் பக்கம்

மாமா 68,000 ரூபாய்ப் பழுதைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தார். தோழிதான் விடவில்லை. “அப்பா, கியர் தடியைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுறதா இருந்தா நான் படிக்கவே போகல” என்று சொல்லிவிட்டாள். அப்பாவும் மகளும் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. நாங்கள் நடுவில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

முடிவில் கியர்பொக்ஸை மாற்றினார்கள். மாமியின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. சீட்டை மாமா முன்கூட்டியே எடுத்தார், கழிவு போக. பிள்ளைகளின் பெற்றோரில் ஒன்பது பேர் இரண்டு மாத வான் காசை முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களில் அநேகம் பேர் கொழுந்து எடுக்கிறவர்கள். ஆக அந்த 156 பேரில் ஒரு பங்கு உண்மையாகவே மலையில் பதிந்த பேர்தான்.

ஒற்றுமையைப் பார் என்று இதைப் பாராட்டி முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கான கியர்பொக்ஸை, நாட்சம்பளக்காரர்கள் ஏன் சேர்ந்து வாங்க வேண்டும்? தேயிலை இறங்குவதற்கு மலையைக் குடைந்து பாதை போட முடிந்த நாட்டில், அந்தத் தேயிலையை எடுக்கிறவரின் பிள்ளை ஏறி இறங்குவதற்கான செலவு மட்டும் ஏன் 200 வருஷமாக அவர்கள் கணக்கிலேயே எழுதப்படுகிறது? தோட்டத்து உள் வீதிகளை யார் திருத்துவது, அதில் பள்ளிக்கூட பஸ் ஓடுமா என்ற கேள்விகளை சம்பளப் பேச்சுவார்த்தை அளவுக்குச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறோம். சம்பளம் 1,350 ஆனதும் அதில் எவ்வளவு பயணத்துக்கே போகிறது என்று பார்க்காவிட்டால், ஏறினது எவ்வளவு என்பதே நமக்குத் தெரியாது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு நாங்கள் திரும்பவும் பட்டிப்பொல போனோம். இந்தத் தடவை வான் ஸ்டேஷன் வாசலில் நின்றது. சமவெளிக்கு ஏறும்போது மாமா இரண்டாம் கியரைப் போட்டுவிட்டு, இடது கையைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார். கை சும்மா இருந்தது. தோழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொப்பியில் கடைசிப் பதிவையும் பார்த்தோம். திகதி, ‘கியர்பொக்ஸ் மாத்தினது 210,500’ என்று எழுதி, பக்கத்திலே பென்சிலால் சின்னதாக ‘156’ என்று போட்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி இருக்கலாம். அப்பாவின் வான் கணக்கு, அம்மாவின் சீட்டுக் கணக்கு, தாத்தாவின் பழைய செக்ரோல் துண்டு. பழைய பேப்பர்க்காரருக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பாருங்கள். ரூபாயைப் பேராக மாற்றிப் பாருங்கள். கிடைத்ததை எங்களுக்கு எழுதுங்கள், சேர்த்து வைப்போம்.